ஒரு வாளி, ஒரு கயிறு

மடுல்கெல்லத் தோட்டத்தை விட்டு நான் இறங்கி நடந்தபோது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. தோளில் கம்பளி, கையில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஒரு சாரமும் ஒரு சட்டையும் பீங்கான் தட்டும். பனி விழுந்து பாதை வழுக்கியது. முதல் வளைவு தாண்டும்வரை கணக்கப்பிள்ளை ஆள் அனுப்புவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு பார்க்கவில்லை.

அங்கே எனக்கு இருந்த வேலை பைப்புக்காரருக்குக் கையாள். மலை உச்சியில் ஓர் ஊற்று. அதைத் தொட்டி கட்டித் தேக்கி, இரும்புக் குழாயில் இறக்கி, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் லயத்துக்கு ஒன்றாக நாலு பைப்பு வைத்தார்கள். வைத்த அன்று துரை வந்து முதல் பைப்பைத் திறந்துவிட்டார். தேங்காய் உடைத்தோம், பொங்கல் வைத்தோம். அடுத்த வாரமே பைப்புக்காரர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். என்னை எதற்காக நிறுத்தி வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டி கழுவுவது, ஒழுகுகிற இடத்தில் சணல் சுற்றுவது என்று நானாகவே சில வேலைகளை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் இரண்டாம் லயத்துப் பைப்பில் தோல் வாசர் தேய்ந்து, பூட்டினாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டோரில் கேட்டேன். ஸ்டோர்காரர் டீமேக்கரைக் கேட்கச் சொன்னார். டீமேக்கர் கணக்கப்பிள்ளையைக் கேட்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை, “பைப்பு போட்டவன்கிட்டப் போய்க் கேளு” என்றார். அதற்குள் தொட்டி வற்றிப்போய், கீழ் லயத்துப் பெண்கள் மறுபடியும் ஓடைக்குக் குடம் தூக்கத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளை காலில் போடும் பழைய தோல் சப்பாத்து ஒன்று அவர் வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நாக்கை அறுத்து, வட்டமாக வெட்டி, வாசர் போட்டேன். பைப்பு நின்றது. மறுநாள் மாலை என் வேலையும் நின்றது.

கணக்கு முடித்ததற்கான பற்றுச்சீட்டு தர மாட்டேன் என்றார் கணக்கப்பிள்ளை. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. ஆகவே தோட்டம் இல்லாத இடத்துக்குத்தான் நான் போக வேண்டியிருந்தது. மாத்தளை ரோட்டில் பாக்கும் கொக்கோவும் ஏற்ற லொறிக்காரர்கள் ஆள் தேடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வத்தேகமம் வரை இறங்கி, அங்கிருந்து ரயில் பாதையோடு உக்குவெலப் பக்கம் நடந்து, வயல் வரப்பு வழியாக ரோட்டுக்குக் குறுக்கே போவது என்று முடிவு. பதினாறு, பதினேழு மைல் இருக்கும். வத்தேகமத்தில் ஒரு பெட்டிக்கடையில் வாழைப்பழம் இரண்டு கிடைத்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பங்குனி வெயில். தண்டவாளத்துச் சல்லிக்கல்லில் வெறுங்காலோடு நடந்தவனுக்கு அதைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நடக்கும்போது தண்ணீரையே நினைத்துக்கொண்டு போனேன். அதற்கு முந்தைய வருடம் கண்டிக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தேன். அங்கே தெரு மூலைப் பைப்புகளில் சண்டை நடக்காத காலை கிடையாது. குடத்தால் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் பைப்பு ஓடியது. குளத்துக்கு மேலே காட்டுக்குள் நீர்த்தேக்கம் இருந்தது. அந்தக் காட்டில் விறகு பொறுக்கப் போன என்னையும் இன்னொருவனையும் காவல்காரர் விரட்டியிருக்கிறார். தெருவில் பைப்பு ஒழுகினால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நீளச் சாவியோடு வருவார். அவர் காய்ச்சலில் படுத்த மாதம் வேறொருவர் அதே சாவியோடு வந்தார். சட்டை மட்டும் அவருக்குக் கொஞ்சம் பெரிது. அப்போது அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

அலவத்துகொடவுக்கு நான் வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி கழிந்திருக்கும். ரோட்டோரம் பத்துப் பன்னிரண்டு கடைகள், அவற்றின் பின்னால் பள்ளிவாசல், பள்ளிக்கு இரு பக்கமும் மேட்டிலும் பள்ளத்திலும் வீடுகள். முதலில் கண்ணில் பட்ட தேத்தண்ணிக் கடையில் நுழைந்தேன். முதலாளி நாற்பது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, வயிறு கொஞ்சம் முன்னால் நின்றது.

“தண்ணி கொஞ்சம் குடுங்க, மொதலாளி.”

“தேத்தண்ணி ஈக்கி, தம்பி. வெறுந் தண்ணி தரேலா.”

“காசு இல்லைங்க. தண்ணி மட்டும் போதும்.”

“காசு கேக்கல்ல நான். கொதிச்சதத் தவிர ஒண்டும் குடுக்கப்படாது எண்டு சுகாதார இஸ்பெட்டர்ர ஓடர். நாலு வீட்டில நெருப்புக் காய்ச்சல். ஒரு உசிரும் போய் ஜனாஸாவும் எடுத்த.”

சீனி போடாத தேயிலைச் சாயம் ஒரு கோப்பை தந்தார். ஊதிக் குடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். ரோட்டோரச் சாக்கடைக் கானில் தண்ணீர் ஓடியது. ரோசாப்பூ நிறம். யாரோ புடவைக்குச் சாயம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு சாயத்துக்கு எத்தனை புடவை என்ற யோசனையும் வந்தது.

கானோடு கண்ணை மேலே கொண்டுபோனால் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. பத்துப் பேர் சுற்றி நின்று இறைத்து, இறைத்ததையெல்லாம் நிலத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லை என்று எனக்குச் சொன்ன ஊரில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்.

முதலாளி என் கையையும் தோளையும் பார்த்தார். “பசியா ஈக்கும். ஒரு கை குடுங்கொ, தம்பி. அஸர் தொழுகைக்கு முந்தி முடிக்கோணும். முடிச்சா சோறு.”

சோறு என்றதும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

எனக்கு முன்னால் நின்றவர் இறைச்சிக் கடைக்காரர். பருத்த கழுத்து, பெரிய குரல். “தோட்டத்து ஆளா? கொழுந்து பறிக்கிற மாதிரி இல்ல, அடியில இருந்து இழுக்கோணும்.”

“நான் கொழுந்து பறிக்கலைங்க. பைப்பு வேலை.”

“அப்ப இந்தக் கிணத்துக்கு ஒரு பைப்பு வைங்கொ. நாங்க ஊட்டுக்குப் போய்ப் படுக்கிற.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தாலும் கை நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டு வாளியோடு வந்திருந்தார்கள். தகர வாளி, மர வாளி, மண்ணெண்ணெய்த் தகரத்துக்குக் கைப்பிடி வைத்தது. ஒன்றின் விளிம்பில் மாட்டுத் தவிடு ஒட்டியிருந்தது. இறைச்சிக் கடைக்காரருடைய வாளியில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுக்குள் போய்வந்தன. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளிறியது. பிறகு சாதாரணக் கலங்கல் தண்ணீர் வந்தது. ஒருவர் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “போதும்” என்றார். கிணற்றை அடுத்திருந்த ஹவுளுக்கு, அதாவது தொழப் போகிறவர்கள் முகம் கை கால் கழுவுகிற கல் தொட்டிக்கு, அந்தத் தண்ணீரை நிரப்பத் தொடங்கினார்கள்.

கடையில் எனக்குச் சோறும் பருப்பும் கருவாடும் வைத்தார்கள். அப்போதுதான் கேட்டேன்.

கிணற்றில் இன்ஸ்பெக்டர் கொண்டிஸ் போடுகிறார் என்றார் முதலாளி. ஊதாக் கற்கண்டைப் பொடித்ததுபோல ஒரு மருந்து. அதைப் போட்டால் தண்ணீர் நிறம் மாறிவிடும். நிறம் மாறிய தண்ணீரால் வுளு எடுக்க, அதாவது தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாக, முடியாது. வுளு இல்லாமல் தொழுகை இல்லை. அவர் காலை பத்து மணிக்கு வந்து போடுவார். பன்னிரண்டரைக்கு லுஹர் தொழுகை. ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் இறைத்துவிடுவார்கள். இன்றைக்கு ஆள் சேரச் சுணங்கியதால், லுஹருக்கு ஓயா ஆற்றில் இறங்கி வுளு எடுத்தார்களாம்.

“அவர்கிட்டச் சொல்லலாமே, மொதலாளி.”

“கவுமேந்து மனிசன். எங்கட உசிரக் காப்பாத்த வெயில்ல வார. அவர்ட மருந்து எங்களுக்குக் கூடாது எண்டு எப்பிடிச் செல்ற? வெக்கம். ‘சரி மாத்தயா, நல்லம் மாத்தயா’ எண்டு செல்லி அனுப்புற.”

நான் இரண்டாம் தரம் சோறு வாங்கியபோது சைக்கிள் மணி கேட்டது. வழக்கமாக வேறு பாதையால் திரும்புகிற இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அதே ரோட்டால் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, காக்கித் தொப்பி. சைக்கிளை நிறுத்திக் கானைப் பார்த்தார். சேற்றில் ரோசா நிறம் இன்னும் காயவில்லை.

“ஆர் இதைச் செய்தது?”

முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார்.

“காலமை நான் போட்ட மருந்து ரோட்டால ஓடுது. நான் என்ன, ரோட்டுக்கோ மருந்து போட்டனான்?”

“கிணறு கொஞ்சம் துப்பரவாக்கின, மாத்தயா” என்றார் முதலாளி.

“மருந்தையே துப்பரவாக்கிப் போட்டியள். இது நான் மூண்டாம் தரம் போட்ட மருந்து. ஆளுக்கொரு வாளி வேண்டாம், ஒரு வாளி, ஒரு கயிறு, இறைக்க ஒரு ஆள் எண்டு போன மாசம் சொன்னனான். அதுவும் இல்லை.” அவர் என்னைப் பார்த்தார். “நீர் ஆர் காணும்?”

“வழிப்போக்கனுங்க.”

“வழிப்போக்கனும் சேர்ந்தோ இறைச்சனீர்?”

“சோறு தந்தாங்கய்யா.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முதலாளி பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் தச்சனோட வாறன். கிணத்துக்குப் பலகை அடிச்சு மூடுறன். இன்னொரு சாவுக்கு என்னாலே பதில் சொல்லேலாது.” போய்விட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது திருப்பிக் கத்தியிருப்பார்கள்.

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கடைக்கு வந்து கூடினார்கள். முதலாளி ஒரே மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். இறந்துபோன தகப்பனுக்காக அந்தக் கிணற்றை வெட்டுவித்தவரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வாப்பா மௌத்தாகிறதுக்கு முந்தி ஒண்டு தான் செல்லின. எனக்காக ஒரு கிணறு வெட்டு எண்டு. அதில ஒரு ஆள் குடிச்சா, ஒரு ஆள் வுளு எடுத்தா, அந்த நன்மை அவர்ட கபுருக்குப் போய்ச் சேரும். கிணறு ஈக்கிற காலம் எல்லாம் சேரும்.” துணியைப் பிழிந்தார். “நாளைக்குப் பலகை அடிச்சா நிண்டு போகும். நான் உசிரோட ஈக்கக்குள்ளயே நிண்டு போகும்.”

அதே மேசையை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மெல்லிய தாடி, மெதுவான பேச்சு. மருந்தோடு தண்ணீரை விட்டுவிட முடியாதா என்று ஒருவர் கேட்டார். “நிறம், ருசி, மணம். மருந்தால இந்த மூண்டில ஒண்டு நல்லா மாறினா வுளுவுக்கு ஆகாது. இது என்ட சட்டமில்ல, நான் மாத்தவும் ஏலா” என்றார் லெப்பை.

“இதுக்குத் தான் நான் அண்டைக்கே செல்லின, இஸ்பெட்டருக்கு வெளங்கப்படுத்துங்கொ எண்டு” என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

“நீங்க எப்ப செல்லின?”

“மனசுக்குள்ள செல்லின.”

எனக்கு மடுல்கெல்ல நினைவு வந்தது. தோட்டத்து மருந்தய்யா தொட்டியில் இதே மருந்தைப் போட்டிருக்கிறார். அவர் போட்டது சாயந்தரம், லயத்துக்குத் தண்ணீர் பூட்டிய பிறகு. விடிந்து நான் போய்த் திறக்கும்போது நிறம் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதைச் சொன்னேன்.

“நிறம் எங்க போற?” என்றார் லெப்பை.

“தெரியலைங்க. அழுக்கோட சேர்ந்து அடங்கிடும்னு மருந்தய்யா சொன்னாரு. வேலைய முடிச்சிட்டு ஆள் போற மாதிரி.”

“நீங்க கண்ணால கண்டதா?”

“காலையில பாத்திருக்கேன். ராத்திரி பூரா கூட இருந்து பாக்கலை.”

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அது ஏன் அப்படி ஆகிறது என்று அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்கவில்லை. “பாத்தாப் போச்சு” என்றார்.

இன்ஸ்பெக்டர் முன்பே ஒரு மருந்துப் பொட்டலத்தை முதலாளியிடம் கொடுத்து, தான் வராத நாளில் போடச் சொல்லியிருந்தார். அது பிரிக்கப்படாமல் மேசை லாச்சியில் கிடந்தது. பிஸ்கட் வைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தலைக் காலி செய்து கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, ஒரு துணுக்கு மருந்தைப் போட்டேன். தண்ணீருக்குள் ஊதாக் கோடுகள் இறங்கி, கலக்கியதும் முழுவதும் ரோசா நிறமானது. அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு தகராறு வந்தது. கடையில் வைத்தால் மேட்டுப் பக்கத்தார் மாற்றிவிடுவார்கள் என்றார்கள் பள்ளத்துப் பக்கத்தார். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஊரில் பழைய போட்டி, முதலாளி மேட்டுப் பக்கம். கடைசியில் லெப்பையின் அறை யன்னலில், ரோட்டில் போகிற எவரும் பார்க்கும்படி வைத்தோம்.

அந்தத் தகராறிலிருந்துதான் அடுத்த பேச்சு கிளம்பியது. நிறம் போனாலும் போகாவிட்டாலும், ஒரு வாளி ஒரு கயிறு என்ற கட்டளை இருக்கிறது. ஒரு மாதமாக அதை ஏன் செய்யவில்லை என்று லெப்பை கேட்டார்.

“மேட்டுப் பக்கத்து ஆள் கயித்தப் புடிச்சா எங்கட பொம்புளகள் குடத்தோட பகல் முழுக்க நிக்கோணும்” என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

“ஒங்கட ஆள் புடிச்சா எங்களுக்கு அடித் தண்ணி தான் கிடைக்கிற” என்றார் மேட்டுப் பக்கத்து ஒருவர்.

“நீங்க கிணத்துக்குள்ள போடுற அந்த அழுக்கு வாளிக்கு அடித் தண்ணியே போதும்.”

“ஒங்கட வாளியப் பத்திக் கதைக்க வேணாம். அதப் பாத்துப் போட்டு காகம் கூடக் கிட்ட வாரல்ல.”

இப்படிக் கொஞ்ச நேரம் போனது. நான் அவர்களுடைய வாளிகள் எல்லாவற்றையும் அன்று பகல் கையில் தொட்டவன். இருபக்கத்தாரும் சொன்னது உண்மை. அதைச் சொல்வது என் வேலை இல்லை.

இறைச்சிக் கடைக்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். “தம்பிக்கு இந்த ஊரில சொந்தக்காரங்க ஆராவது ஈக்கியா?”

“இல்லைங்க.”

“அக்குறணையில? மாத்தளையில?”

“எங்கயும் இல்லைங்க.”

“இங்க பொண்ணு கிண்ணு எடுக்கிற யோசின?”

“எனக்கு யாருங்க குடுப்பாங்க?”

சிரிப்பு அடங்கியதும் அவர் மற்றவர்களைப் பார்த்தார். “இந்தா ஈக்கி ஆள். மேட்டுக்கும் இல்ல, பள்ளத்துக்கும் இல்ல.”

முதலாளி மேசை துடைப்பதை நிறுத்தினார். சாப்பாடு எப்படி என்று ஒருவர் கேட்டார். லெப்பைக்கு வீடு வீடாக முறை வைத்துச் சோறு போவது அந்த ஊர் வழக்கம். அதே முறையில் இன்னொரு தட்டும் போகலாம் என்று முடிந்தது. கோயிலுக்குப் போகிற ஆள் பள்ளிக் கிணற்றில் இறைக்கலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். “தண்ணி இறைக்கிறவன்ட மார்க்கம் தண்ணியில கரையாது” என்றார் லெப்பை. பிறகு என்னிடம், “எத்தின நாளக்கி நிப்பீங்க?” என்றார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. “தெரியாதுங்க. எந்த எடத்துலயும் ஆறு மாசத்துக்கு மேல நான் நின்னதில்லை.”

இது வேலையைக் கெடுத்துவிடும் என்று நினைத்தேன். லெப்பை யோசித்தார். “அப்ப அஞ்சாம் மாசமே இன்னொரு ஆளத் தேடிப் பழக்கோணும். அவரும் வெளி ஆளா ஈக்கோணும். இத இண்டைக்கே பேசி வெச்சா தான் நல்லம். இவர் போற அண்டைக்குப் பேச ஏலா.”

அதை அவர்கள் அரை மணி நேரம் பேசினார்கள். கயிறும் வாளியும் பள்ளிக்குச் சொந்தம், யார் வீட்டுக்கும் போகக்கூடாது. குடம் வைத்த வரிசைப்படிதான் தண்ணீர். மேட்டில் ஒருவரும் பள்ளத்தில் ஒருவரும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கயிற்றைச் சோதித்துப் பார்ப்பது, பிய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றுவது. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நான் காலையில் சொல்கிறேன் என்றேன். பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போனார்கள்.

கடை வாங்குப் பலகையில் படுத்தேன். ஊர் எனக்கு எந்த வேலையைத் தருகிறது என்பது தெரிந்துதான் இருந்தது. தோட்டத்தில் லயத்துக் கானையும் கக்கூசையும் துப்புரவு செய்கிற வாசகூட்டி தொட்ட பைப்பில் மற்றவர்கள் குடம் வைக்க மாட்டார்கள். இங்கே யார் என்று தெரியாத என் கையால் எல்லாரும் குடிக்கத் தயாராக இருந்தார்கள். ஆனாலும் ஒரு கிணற்றடியில் நாள் முழுவதும் நிற்பது எனக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. விடிந்து லொறி வந்தால் ஏறிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அலுப்பில் தூங்கிப்போனேன்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்தபோது லெப்பையின் யன்னலுக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். லெப்பை போத்தலை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் மட்டும் ஒரு சிட்டிகை மண்ணிறத் தூள்.

“அடியில ஈக்கிறது நிறமில்லயா?” என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

“அது வண்டல். எந்தக் கிணத்தில வண்டல் இல்ல?” லெப்பை மூடியைத் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். நாக்கில் வைத்தார். முதலாளி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். லெப்பை இன்னொரு தடவை ஊற்றி, இன்னொரு தடவை நாக்கில் வைத்து, பிறகுதான் சொன்னார்.

“தண்ணி தான்.”

முதலாளி பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் ஒரு கட்டை வண்டியில் பலகையும் ஆணிப் பெட்டியும் ஒரு சிங்களத் தச்சரும். முதலாளி எழுந்து போய், வெட்கத்தை விட்டு, எல்லாவற்றையும் சொன்னார். தொழுகை நேரம், வுளு, நிறம், மூன்று முறை இறைத்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளைப் பிடித்தபடியே கேட்டார்.

“இதை ஏன் காணும் முந்திச் சொல்லேல்லை?”

“நீங்க கேக்கல்லயே, மாத்தயா.”

இன்ஸ்பெக்டர் போத்தலை வாங்கிப் பார்த்தார். “பின்னேரம் போட்டால் விடியச் சரியாகும் எண்டு எனக்குத் தெரியும். எனக்குக் கந்தோர் வேலை நேரம் எட்டில இருந்து நாலு. அதுதான் காலமை போட்டனான்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. “உங்கட கடைசித் தொழுகைக்குப் பிறகு நான் வரேலாது. ஆர் போடுறது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இவர் நேற்று மருந்தை இறைச்சு ஊத்தின ஆள் எல்லோ?”

“ஆமாங்கய்யா” என்றேன்.

“அப்ப இறைக்கத் தெரியும். போடப் பழக்கலாம்.”

ஒரு மாதம் பார்ப்பதாகச் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் வேறு வாளி ஒன்றைக் கிணற்றில் கண்டாலும் பலகைதான். தச்சர் கொண்டுவந்த பலகையைத் திருப்பி ஏற்றுவதற்கு முகம் சுளித்தார். அதைக் கீல் வைத்த மூடியாக அடித்துத் தரும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்கு அளவு காட்டினார். மருந்தை நேரே கிணற்றில் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும், அரை மணி நேரம் கழித்தும் மெல்லிய ரோசா நிறம் நிற்க வேண்டும், அதற்குமேல் வேண்டாம். இரண்டு முறை என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

அந்த நேரத்தில் ரோட்டில் மாத்தளைப் பக்கம் ஒரு லொறி போனது. நின்று ஆள் கேட்டதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. லெப்பை புதுக் கயிற்றையும் ஒரு தகர வாளியையும் பள்ளிக்குள்ளிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாளியைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். குடங்களை மேட்டுப் பக்கம் பள்ளத்துப் பக்கம் என்று பார்க்காமல் வந்தபடி வரிசையாக வைக்கச் சொன்னேன். இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வைத்தார்கள்.

வரிசையில் கடைசியான ஆறாவது குடத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணிக் கடை முதலாளி வந்தார். கடை திறக்கும் அவசரம். கையில் அவருடைய பித்தளை வாளி, அதில் கட்டிய கயிறு. ஏதோ யோசனையில், ஒவ்வொரு நாளும் செய்வதுபோல, கிணற்றுக் கட்டில் ஒரு காலை வைத்து வாளியை உள்ளே விடப் போனார். இன்ஸ்பெக்டர் தச்சரோடு பேசிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். வரிசையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இறைச்சிக் கடைக்காரரும் பார்த்தார்.

நான் கை நீட்டி அவர் கயிற்றைப் பிடித்தேன்.

“வாளிய வெளியில வைங்க, மொதலாளி. குடம் கொண்டாங்க. ஏழாவது ஆள் நீங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாப்பாவின் கிணறு அது. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, குடம் எடுக்க வீட்டுக்கு நடந்தார். நான் ஆறாவது குடத்தை நிரப்பி முடித்தேன்.